கொக்குக் காலில் பட்டு நூல்

ரேஞ்சர் சார், கொக்குக் குஞ்சுகளைக் கொன்றது மீன் வலை என்று நீங்கள் பொய் சொன்னீர்கள். நான் அதை எழுதிக் கொடுத்தேன்.

சாட்சி என்னிடம் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. விரல் நீளச் சிவப்புப் பட்டு நூல். அலமாரி, மேசை, ஜன்னல் என்று தினமும் இடம் மாற்றி வைக்கிறேன். எங்கே வைத்தாலும் கண்ணில் படுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புப் பயிற்சியின் கடைசி மாதம், சேவூர்ப் பக்கத்து ஏரியில், கருவேல மரத்துக் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சின் காலிலிருந்து எடுத்தது. நூல் தோலை அறுத்து எலும்பு வரை இறங்கியிருந்தது. கத்தரி வைத்தால் கால் போய்விடும். நீங்கள் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடித்தீர்கள். நான் தறி வீட்டில் பிறந்தவள், தறியில் ஓடும் பாவு நூலில் சிக்கு எடுத்துப் பழகிய நகம். அவிழ்த்துவிட்டேன். "இன்னாம்மா, டாக்டரே தோத்தாரு போ!" என்று சிரித்தீர்கள். அந்தக் குஞ்சு பிழைத்தது. மற்ற கூடுகளில் நூலோடு தொங்கியவை பிழைக்கவில்லை. எங்களை வெயிலில் விட்டுவிட்டு ஜீப்பில் உட்காருகிறவர் இல்லை நீங்கள். சேற்றில் முதலில் இறங்குவீர்கள். அதனால்தான் என் கோபம் ஆறவில்லை.

நூல் வந்த வழி அன்றைக்கே தெரிந்துவிட்டது. விலைக்குப் போகாத துண்டுப் பட்டு நூலை எங்கள் தறித் தெருக்காரர்கள் மூட்டை கட்டி ஏரிக்கரையில் கொட்டுவார்கள். எங்கள் வீட்டு மூட்டையும் அதில் உண்டு. கொக்கு அதைக் குச்சியோடு சேர்த்துக் கூடு கட்டியது. இதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். படித்துவிட்டுப் பேனாவை மூடினீர்கள். "பட்டுன்னு எழுதினா ஊரே சண்டைக்கு வரும், பேஜாரு. வலைன்னு மாத்திடும்மா. அப்பதான் கையெழுத்து, சர்டிபிகேட்டு." பயிற்சி வீணாகக் கூடாது, எங்கள் தெருவுக்கும் கெட்ட பெயர் வரக் கூடாது. மாற்றினேன்.

அடுத்த வாரமே வலை போடத் தடை என்று ஏரியில் பலகை நட்டீர்கள். லாரி டியூபில் மிதந்துபோய் எங்களுக்குக் கூடு கூடாகக் காட்டிய மீன்கார அண்ணன், என் வீட்டு வாசலில் தன் வலையை விரித்துப் போட்டார். வெள்ளை நைலான். "நீ தறிக்காரப் பொண்ணுதானே பாப்பா, இதுல செவப்பு நூலு எங்க கீது, காட்டு பாக்கலாம்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இன்று அவர் போளூர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். வலையே இல்லாத ஏரியில் இந்த வருஷமும் குஞ்சுகள் விழுகின்றன.

வரும் கிராம சபைக் கூட்டத்துக்கு வாருங்கள் சார். எங்கள் வீட்டு மூட்டையைப் பற்றி முதலில் நான் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த சர்டிபிகேட்டையும் தீப்பெட்டியையும் மேசைமேல் வைக்கிறேன். அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறேன், தன் வலையோடு வருவார். இந்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஊர் முன்னால் பதில் சொல்லுங்கள்: இது எந்த வலையில் இருந்தது?