டிரையருக்குள் மூன்று கட்டளைகள்

முப்பத்தெட்டு சோள டிரையர்களில் லோர்னா பெட்காவ் எழுதிய நிரல் ஓடுகிறது. கனடாவின் மனிடோபா மாகாணத்தின் தென்பகுதியில், விங்க்ளர் என்ற ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில், அறுத்த மக்காச்சோளத்தை எரிவாயுவில் காயவைக்கும் இயந்திரங்கள் அவை. லோர்னாவுக்கு நாற்பத்தாறு வயது. அவர் வேலைசெய்யும் கம்பெனியில் நிரல் எழுதுகிறவர்கள் இருவர்தான்: அவரும் மெர்வ் ஃப்ரீசனும். லோர்னா வியாழக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவார். சூரியகாந்தி விதைப் பை இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார்.

அந்த அக்டோபரில் மழை விடவில்லை. பண்ணைக்காரர் ரூபன் டிக்கின் சோளம் ஈரத்தோடு களஞ்சியத்துக்கு வந்துவிட்டது. உடனே காயாவிட்டால் சூடேறிப் பூசணம் பிடிக்கும். அவருடைய டிரையரோ, முந்தின வாரம் புது நிரல் ஏற்றியதிலிருந்து, பற்றிய சில நொடிகளில் அணைந்துகொண்டிருந்தது. தீ எரிகிறதா என்று பார்க்கும் சென்சார் கெட்டிருக்கும் என்று காலையில் லோர்னா போனில் சொன்னார். ரூபன் புதிது வாங்கி மாட்டினார். மறுபடியும் அணைந்தது.

மதியம் லோர்னா மடிக்கணினியோடு போய் இறங்கினார்.

“போன்லயே வைத்தியம் பாக்குற டாக்டரம்மா வந்தாச்சு!” என்றார் ரூபன்.

“கிண்டல் எல்லாம் அப்புறம். அந்த மூடியைக் கழட்டுங்க.”

டிரையரின் கட்டுப்பாட்டுப் பலகையில் கேபிளைச் செருகி, டீபக்கரைத் திறந்தார். ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கறுப்புத் திரை அது. பொத்தான்கள் கிடையாது, எல்லாமே தட்டச்சுதான். ரூபன் பற்றவைத்தார். நீலத் தீ எழுந்தது. லோர்னா நிரலை நிறுத்தினார். ‘தீ பற்றும்வரை காத்திரு’ என்ற வரியில் நின்றது. ஓடவிட்டு மறுபடி நிறுத்தினார். அதே வரி. அதற்குள் பாதுகாப்பு டைமர் எரிவாயுவை மூடிவிட்டது.

“தீயை நானே கண்ணால பாத்தேன். அந்த வரியைத் தூக்கிடேன், வேலை முடிஞ்சுது,” என்றார் ரூபன்.

“தூக்கலாம். தீ பத்தாத அன்னிக்கும் கேஸ் வந்துக்கிட்டே இருக்கும். உங்க கொட்டகை இருக்காது.”

“சோளம் சூடேறுது, லோர்னா.”

“தெரியுது. கொஞ்சம் பொறுங்க.”

எழுதிய வரியில் தப்பு தெரியவில்லை. எழுதியதை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் அதை எப்படி மாற்றியிருக்கிறது என்று பார்க்க, இயந்திரக் கட்டளைகளைக் காட்டச் சொல்லித் தட்டினார். மூன்று வரிகள் வந்தன. சென்சாரைப் படி. தீ இல்லையா என்று பார். இல்லையென்றால் மூன்றாவது வரிக்குப் போ.

மூன்றாவது வரியே மூன்றாவது வரிக்குப் போகச் சொன்னது. முதல் வரிக்கல்லவா திரும்பியிருக்க வேண்டும்? தீ பற்றுமுன் ஒருமுறை படித்ததோடு சரி, பிறகு சென்சார் என்ன கத்தினாலும் கேட்க ஆளில்லை.

மெர்வைப் போனில் கூப்பிட்டார். “புதுசுல ஏதாச்சும் செட்டிங் மாத்தினியா?”

“சிப்புல இடம் பத்தல. நம்ம ஊரு ஜெர்மன்ல மெனு வேணும்னு கேட்டது நீதானே? கம்பைலர்கிட்ட நிரலைச் சுருக்கச் சொன்னேன்.”

“சுருக்கிருச்சு, நல்லாவே. நிரல்ல யாரும் அந்த மதிப்பை மாத்தல, அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்பப் படிக்கணும்னு விட்டுருச்சு. அது வெளியிலிருந்து மாறும்னு சொல்ற வார்த்தையை நான் போடவே இல்ல, மெர்வ்.”

“எப்போ எழுதினது?”

“ஆரம்பத்துலயே. சுருக்காத வரைக்கும் தப்பிச்சிருக்கு.”

போனை வைத்துவிட்டு ரூபனிடம் திரும்பினார். “உங்க பழைய சென்சார் நல்லாத்தான் இருந்திருக்கு. தப்பு என்னுது.”

“உங்கப்பா ஒருதடவை என் டிராக்டர்ல நல்ல பேட்டரியை மாத்த வெச்சாரு. வம்சமே அப்படித்தான்.”

லோர்னா சிரித்தபடி அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து நிரலை ஏற்றினார். ரூபன் பற்றவைக்கப் போனார். “இருங்க, தொடாதீங்க,” என்று தடுத்து, கட்டளைகளை மறுபடி வரவழைத்தார். கடைசிக் கட்டளை இப்போது முதல் வரிக்குப் போனது. தலையசைத்தார்.

தீ எழுந்தது, நின்று எரிந்தது. விசிறிகள் சுழலத் தொடங்கின. ரூபன் களஞ்சியத்தின் வாயைத் திறந்துவிட்டார்.

அதே புது நிரல் இன்னும் ஆறு டிரையர்களில் இருக்கிறது. நாளை காலை லோர்னாவும் மெர்வும் பக்கத்து ஊரான ஆல்டோனாவிலிருந்து திருத்தத் தொடங்குகிறார்கள்.