காப்போடு எல்லை தாண்டியவர்

நான் பொய் சொன்னேன். என் அக்காள் கணவர் இன்று தப்பு மேளத்தைத் தொட முடியாமல் இருப்பது அந்தப் பொய்யால்தான்.

என்னை நீங்கள் அறிவீர்கள். தோட்டத்துத் தப்பையும் மேல்நாட்டு வயலினையும் இணைத்த இசையமைப்பாளன் என்று கொழும்பில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். எழுந்து நின்று கைதட்டினீர்கள். அதை நினைத்தால் இப்போது உங்கள்மீதே எரிச்சல் வருகிறது. அந்தத் தப்பை அடித்தவர் எங்கே என்று ஒருவராவது கேட்டீர்களா?

கஹவத்தைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டம். மச்சான் அங்கே பால் வெட்டுகிறவர். மாசி மாதக் காமன் கூத்தில், காமன் எரிந்து ரதி அழுகிற கட்டத்துக்கு அவர்தான் தப்படிப்பார். அந்த உரிமையில் அவருக்கு அப்படியொரு திமிர். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. “கம்பியத் தேச்சு ரதிய அழ வைக்கப் போறியா? மொதல்ல நீ யாருக்காவது அழுதிருக்கியா?” என்று லயத்து வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்கக் கேட்டவர்.

ஆனாலும்... அவர் இல்லாமல் என் இசை எழுந்து நிற்கவில்லை. கொழும்புக் கலைஞர்கள் தாளைப் பார்த்துச் சுத்தமாக வாசித்தார்கள். உயிர்தான் இல்லை.

போர்நிறுத்தக் காலம். பாதைகளில் கெடுபிடி குறைந்திருந்தது. கொழும்பில் என் கச்சேரியோ கூத்து நாட்களுக்குள் விழுந்தது. கூத்துக்காக நட்ட காமன் கம்பத்தின் முன் காப்புக் கட்டிக்கொண்டவர், அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மச்சானின் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. ஆனாலும் தப்படிக்க வரச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

“வாத்தியாரு என்ன சொல்றாரு?” என்று கேட்டார். வாத்தியார் என்பவர் கூத்தை நடத்துகிறவர். அவர் சொல்தான் அங்கே சட்டம்.

“கேட்டுட்டேன் மச்சான். போயிட்டு வரச் சொல்லிட்டாரு.”

நான் கேட்கவே இல்லை.

அவர் வந்தார். அரங்கின் பின்புறம் பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். பிறகு அவர் அடித்த அடியில் வயலின்காரப் பெண் தாளை விட்டு அவர் பக்கம் திரும்பி வாசித்ததை நான் பார்த்தேன். தொலைக்காட்சியும் பார்த்தது. மணிக்கட்டுக் காப்போடு அவரைத் தோட்டமே பார்த்தது.

திரும்பி வந்தபோது கம்பத்தடியில் ஊர் கூடியிருந்தது. வாத்தியார் என்னைத்தான் கேட்டார், “தம்பி, நீங்க கூட்டிட்டுப் போனீங்களா?”

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஊர் என்னைத் திட்டியிருக்கும். அவ்வளவுதானே... அந்த அவ்வளவைக்கூட என்னால் தாங்க முடியவில்லை.

“நான் கூப்பிடலைங்க. அவருதான், ‘வாத்தியாருகிட்ட கேட்டுட்டேன், நானும் வர்றேன்’னு நின்னாரு.”

“பொய் சொல்றான்!” என்று மச்சான் கத்தினார். கால்சட்டை போட்டவனை நம்புவதா, குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவரை நம்புவதா? ஊர் என்னை நம்பியது. அவர் கையிலிருந்த தப்பை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கூத்துக்கும் அவரை அழைக்கவில்லை.

அன்று மாலை அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, “எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லுடா” என்றாள். அவளிடமும் அதையே சொன்னேன்.

மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். மன்னிக்க நீங்கள் யார்?

போன வாரமும் அங்கே போயிருந்தேன். இலையில் சோற்றைப் போட்டபடியே அக்கா அவர் காதுபடச் சொன்னாள்: “எந்தம்பி பேரக் கெடுக்கப் பாத்த மனுசன் இது.” மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனார்.

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.