செய்முறைப் பகுதியில் ஒரு பொய்

நான் ஒரு பொய்யைத் தட்டச்சு செய்தேன். அது அச்சேறியது. அதனால் ஒருத்தி செத்துப் போனாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்!

மலாயாவில், ஈப்போவிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் கிராணி; எழுத்து வேலை பார்ப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ஆங்கிலம் அறிந்தவன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வெள்ளைக்கார டாக்டர் துரை எழுதுவதையெல்லாம் தட்டச்சு செய்து சீமை மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்புவது என் வேலை.

எத்தனை வகை எழுதினார்! ஒரே ஒரு நோயாளியின் கதையைச் சொல்வது ஒரு வகை. மற்றவர்கள் கண்டதையெல்லாம் திரட்டி எடைபோடும் தொகுப்புரை வேறு வகை. அரைப் பக்கக் குறிப்பு, ஆசிரியருக்குக் கடிதம் என்று சில்லறைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலானது, தானே சோதித்துக் கண்டதைச் சொல்லும் ஆய்வுக் கட்டுரை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. எதைத் தேடினோம் என்று முன்னுரை. எப்படித் தேடினோம் என்று செய்முறை. பிறகு அட்டவணையோடு முடிவுகள். அவற்றுக்கு என்ன பொருள் என்று விவாதம். கடைசியில், துணை நின்றவர்களுக்கு நன்றி.

“செய்முறையை மட்டும் ஒழுங்காக அடி. எங்கோ இருக்கிற ஒருவன் அதைப் படித்து, அப்படியே செய்து பார்க்க வேண்டும்” என்பார் துரை.

நான் விழுந்தது அந்த நன்றிப் பகுதியில்தான்... அதில் என் பெயரைப் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

தோட்டத்தில் குளிர்காய்ச்சல் அடங்காத காலம் அது. விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டிலேயே எல்லோருக்கும் கொயினா மாத்திரை கொடுப்போம். பாதி அளவு போதுமா என்று சோதிக்க விரும்பினார் துரை. பள்ளத்து லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு வழக்கம்போல் ஆளுக்கு இரண்டு மாத்திரை. மேட்டு லயத்துக்கு ஒன்று. எந்த லயத்தில் காய்ச்சல் கூடுதல் என்று எழுதிவர வேண்டும். கொடுப்பவன் நான். விழுங்கினார்களா என்று பார்ப்பவனும் நான்.

துரைக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒரே கங்காணி, ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்து கூட்டி வந்த சனம் அது. பள்ளத்து லயத்தார் பெண் கொடுத்தவர்கள், மேட்டு லயத்தார் பெண் எடுத்தவர்கள்.

பள்ளத்து லயத்து மாரியாயி ஒரு நாள் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டாள். கையும் களவுமாகப் பிடித்தேன்.

“கட்டிக் குடுத்துட்டா எம்மவ இல்லேன்னு ஆயிருமாங்க? மேட்டுல ஒண்ணே ஒண்ணுதான் குடுக்கறீங்க. செல்லம்மா தாங்குவாளா?” என்றாள்.

“சரி சரி, துரை கண்டிடுவார், கெதியாப் போ!” என்று சிரித்துவிட்டு விட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். அவள் மட்டுமல்ல. பள்ளத்தில் பாதிப் பேருக்கு மேட்டில் ஒரு மகளோ தங்கையோ இருந்தாள். சீர்வரிசை போல மாத்திரை மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது! கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு லயமும் தின்றது ஒரே அளவு.

காய்ச்சலும் ஒரே அளவாகத்தான் வந்தது. வராதா பின்னே? அட்டவணையைப் பார்த்த துரை துள்ளிக் குதித்தார். பாதி அளவு கொடுத்தாலே போதும் என்று விவாதப் பகுதியை ஒரே மூச்சில் எழுதி முடித்தார்.

எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொல்லியிருந்தால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லையென்றால் என் பெயரும் இல்லை. ‘ஒவ்வொருவரும் முழு மருந்தையும் கிராணியின் கண்முன் விழுங்கினர்’ என்று செய்முறையில் அடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட விழவில்லை!

அச்சில் வந்த என் பெயரை ஈப்போவில் புந்தோங் பக்கம் இருந்த நண்பர்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். வெட்கம் கெட்டவன்.

எங்கள் தோட்டம் உட்படப் பல தோட்டங்கள் அதைப் படித்துவிட்டு மருந்தைப் பாதியாக்கின. ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு தோட்டமும் அப்படியே செய்தது. செல்லம்மாவும் புருஷனும் பிழைப்புக்காக அங்கேதான் போயிருந்தார்கள். பள்ளத்து லயத்திலிருந்து முடிந்து கொண்டுவர அங்கே தாய் இல்லை. அடுத்த மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

மாரியாயி ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

“அங்கேயும் ஒண்ணுதான் குடுத்தாங்களாம் ஐயா. நா பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே... எந் தப்புதான்.”

உன் தப்பில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னேனா? இல்லை! மூன்று ஆண்டுகள் அவளை அந்தப் பழியோடே வேலைக்குப் போகவிட்டேன். இதற்கிடையில் துரை சீமைக்குத் திரும்பினார், வேறு டாக்டர் வந்தார். நான் மட்டும் அதே நாற்காலியில் இருந்தேன்.

துரைக்காக எல்லா வகையும் அடித்தவன் நான். ஒன்றை மட்டும் அடித்ததில்லை. பிழைதிருத்தம்! தினமும் பெரட்டில் மாரியாயி கையில் ஒற்றை மாத்திரையை வைப்பது பொறுக்காமல், போன மாதம் அதை அடித்தேன். செய்முறையில் உள்ளது பொய். ஆகவே முடிவுகளும் செல்லா, விவாதமும் செல்லாது. பொய் சொன்னவன் கிராணியாகிய நான். யாரும் இதை நம்பி மருந்தைக் குறைக்க வேண்டாம்.

ஒரு படி பத்திரிகைக்கு. ஒன்று துரைக்கு. ஒன்று ஆயர் தாவார் தோட்டத்துக்கு. ஈப்போ தபால் நிலையத்துக்கு நானே போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். புதிய டாக்டரிடம் நேரில் சொன்னேன். என் வேலையைப் பற்றி அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. போனால் போகட்டும்! பத்திரிகை வெளியிடாவிட்டால் மறுபடி எழுதுவேன். அதற்கும் மசியாவிட்டால் மறுபடியும். இனிப் பின்வாங்குவதாக இல்லை.

அப்புறம் மாரியாயியிடம் போனேன். கட்டுரையையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் தமிழில், மறைக்காமல் சொன்னேன். அவள் தாள்களை வாங்கிப் புரட்டினாள்.

“இதுல எஞ்செல்லம்மா பேரு எங்கங்க இருக்கு?”

“இல்லை.”

“அப்ப யாரு பேருதான் இருக்கு?”

கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நன்றிப் பகுதியில் விரலை வைத்துக் காட்டினேன். என் திருத்தத்திலும் செல்லம்மாவின் பெயரை நான் எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது... அன்றே மறுபடி தட்டச்சுப் பொறியில் தாளைச் சொருகினேன். இந்த முறை அவள் பெயரில் தொடங்கினேன்.

எங்கள் தோட்டத்தில் இப்போது மறுபடியும் ஆளுக்கு இரண்டு மாத்திரை. மாரியாயி பெரட்டில் வந்து கையை நீட்டுகிறாள். இரண்டையும் என் கண்முன்னே விழுங்கிவிட்டுப் போகிறாள்.