தாலிக்கொடியோடு போன டெர்மின்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒன்பது வயதிலேயே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது: வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். அப்பா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். அவருடைய டொச், அந்த நாட்டுப் பாஷை, அந்தக் குசினிக்கு வெளியே உதவாது.

அம்மாவுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கும்போது வாய்க்குள் அடிக்க ஒரு ஸ்ப்ரே இருந்தது. காப்புறுதி இருந்தாலும் ஒவ்வொரு மருந்துக்கும் நாங்களும் ஒரு பங்கு கட்டவேண்டும். அதனால் அம்மா ஸ்ப்ரேயைச் சிக்கனம் பிடித்தார். வருமானம் குறைந்தவர்களுக்கு அந்தப் பங்கைக் கட்டாமல் விட ஓர் அட்டை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பா காப்புறுதி அலுவலகத்தில் போய்ச் சந்திக்க நாளும் நேரமும் கேட்டு டெர்மின் எடுத்தார்.

கஷ்டம் சொல்லப் போகிற இடத்துக்கு எங்கள் ஆட்கள் கலியாண வீட்டுக்குப் போவதுபோலத்தான் போவார்கள். அப்பா இரவல் கோட்டுப் போட்டார். அம்மா பட்டுச்சேலை உடுத்து, தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டார்.

அலுவலகப் பெண் அந்தக் கொடியைப் பார்த்தார். மருந்துச் செலவைச் சமாளிக்க முடிகிறதா என்று கேட்டார்.

“ஓம், எங்களுக்கு ஒரு குறையுமில்லை எண்டு சொல்லு பிள்ளை,” என்றார் அப்பா. பிறத்தியாரிடம் இல்லை என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

நான் கெட்டிக்காரி அல்லவா, ஒரு சொல் விடாமல் டொச்சில் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தார். அட்டை கிடைக்காது என்று எனக்கு விளங்கியது. பயத்தில் நானே டொச்சில் கொட்டத் தொடங்கினேன். அம்மா மாடிப்படியில் பாதியில் குந்திவிடுவதை, நெஞ்சைப் பிடிப்பதை, ஸ்ப்ரேயை எடுத்துவிட்டு அடிக்காமலே திரும்ப வைப்பதை, எல்லாம் செய்தும் காட்டினேன். அந்தப் பெண் பேனாவைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்பினார்.

“என்ன கேட்டவ?” என்றார் அப்பா.

“நான் எத்தினையாம் வகுப்பு எண்டு.”

வெளியே வந்ததும் அப்பா அம்மாவிடம், “பாத்தீரே, மரியாதையாக் கதைச்சா அலுவல் நடக்கும்,” என்றார். அவரை ஏமாற்றிவிட்டேன் என்று நெடுநாள் எனக்கு உறுத்தியது. பாவம், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். பெண்சாதி மூச்சுக்குத் தவிப்பதைப் பிள்ளை நடித்துக் காட்டினால், அதை விளங்கிக்கொள்ள ஒருவருக்கு டொச் தேவையில்லை என்பது அந்த வயதில் எனக்குப் படவில்லை.

ட்ராமில் அவர் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். வெளியே அப்படி என்னதான் பார்க்கிறார் என்று நானும் எட்டி எட்டிப் பார்த்தேன்.