நீலப் பெயிண்ட் அடித்த விஞ்ச்

செபாஸ்டியன் லேத் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டைக் காலி செய்துகொண்டு ஒரகடம் பக்கம் போனபோது, ஐம்பது தாண்டிய ஆட்களை அது கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒரு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு பருத்திப்பட்டில், ஏரிக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார். புதுப்பேட்டையில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த, பாரம் இழுக்கும் கை விஞ்சுகளை வாங்கி வந்து சரிசெய்ய ஆரம்பித்தார்.

அந்தப் பக்கத்தில் அவற்றுக்கு வேலை இருந்தது. மனை வாங்குகிறவர்கள் மரத்தை வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டை மண்ணுக்குள் நிற்கும். இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே ஜேசிபி நுழையாது. அங்கே மூன்று ஆளும் ஒரு கை விஞ்சும் போதும். எதிரே உள்ள பெரிய மரத்தில் விஞ்சைச் சங்கிலி போட்டுக் கட்டி, கம்பிக்கயிற்றைக் கட்டையில் மாட்டி, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கயிறு விறைத்ததும் நிறுத்திவிட்டுப் பக்கவேரை வெட்ட வேண்டும். மறுபடியும் சுற்ற வேண்டும். அவசரப்படாமல் செய்தால் எந்தப் புளியங்கட்டையும் மதியத்துக்குள் வெளியே வந்துவிடும்.

விஞ்சின் உயிர், பல்சக்கரத்தின் மேல் படிந்து கிடக்கும் கட்டைவிரல் அளவு இரும்பில் இருக்கிறது. நாக்கு என்பார்கள். சக்கரம் பின்னால் திரும்பாமல் பிடித்திருப்பது அதுதான். அது நழுவினால் அத்தனை இழுவையும் கைப்பிடி வழியாகச் சுற்றுகிறவன் மேல் திரும்பும். எந்த விஞ்ச் வந்தாலும் செபாஸ்டியன் முதலில் நாக்கைத்தான் கழற்றிப் பார்ப்பார்.

அந்த விஞ்சுகளைக் கொண்டுபோய் வேலை பிடித்துச் செய்தவர், அவர் தங்கை ஜாஸ்லினின் கணவர் ரிச்சர்ட். பேச்சில் கெட்டிக்காரர். வீட்டுக்காரரோடு பேசி முடித்து, ஜீவா என்கிற கூலியாளையும் இன்னும் இரண்டு பேரையும் வேலையில் இறக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த வாரம் கொரட்டூரிலிருந்து ஆவடி வரை மரம் விழாத தெரு இல்லை. கொட்டகையில் இருந்த நாலு விஞ்சும் வெளியே போயிருந்தன. மூலையில் ஐந்தாவது ஒன்று கிடந்தது. அதன் நாக்கு மழுங்கிப்போய், விரிசலும் விட்டிருந்தது. செபாஸ்டியன் அதன் மேல் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கியிருந்தார். நல்ல இரும்பு கிடைத்தால் புது நாக்கு செய்து போடலாம் என்பது அவர் எண்ணம்.

அந்த வாரத்தில் இரண்டு நாள், மனைவி சகாயமேரியின் கண் ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கொட்டகைச் சாவி ரிச்சர்டிடம் இருந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. கொரட்டூரில் ஒரு வீட்டுக் கொல்லையில், தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டையை இழுத்துக்கொண்டிருக்கும்போது விஞ்ச் விட்டுவிட்டது. கைப்பிடி பின்னால் சுழன்று ஜீவாவின் வலது முழங்கையை நொறுக்கிவிட்டது.

போலீஸ் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் அந்த விஞ்ச் கிடந்தது. பளபளவென்று நீலப் பெயிண்ட். செபாஸ்டியன் குனிந்து நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் இன்னும் இறுகவில்லை. கீழே சிவப்பு தெரிந்தது.

"யாருய்யா ரிப்பேர் பார்த்தது?" என்று ஏட்டு கேட்டார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார் செபாஸ்டியன். கேட்டுக்குப் பக்கத்தில் ஜாஸ்லின் நின்றிருந்தாள்.

"அண்ணா, அவரு மேல ஏற்கெனவே ஒரு ஆக்சிடென்ட் கேஸ் கீது. இதுவும் சேந்தா உள்ள தூக்கி வெச்சிடுவாங்க. ரியா பத்தாவது படிக்கிறா."

"அவன் எங்க?"

"ஊட்ல படுத்துகினு கீறாரு. காத்தாலேருந்து ஒண்ணும் துண்ணல."

"நான் மார்க் போட்டு வெச்சிருந்தேன் ஜாஸ்லின்."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன் ரிப்பேர்ல தப்பாப் பூட்ச்சின்னு நீ சொன்னா வுட்டுடுவாங்கண்ணா."

 வேறொன்று செபாஸ்டியனைக் குத்திக்கொண்டிருந்தது. விரிசலைப் பார்த்த அன்றைக்கே அதைச் சம்மட்டியால் உடைத்துப் போட்டிருந்தால், பெயிண்ட் அடிக்க ரிச்சர்டுக்கு ஒன்றும் இருந்திருக்காது. உள்ளே போய், "நான்தான் பார்த்தேன் சார். சரியா பார்க்கல" என்றார்.

அம்பத்தூர் கோர்ட்டில் ஒன்றரை வருஷம் இழுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, கோர்ட் கலையும் வரை நிற்கிற தண்டனையையும் அனுபவித்துவிட்டு வந்தார். அதற்கு முன்பே பெயர் போய்விட்டது. கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து நின்று பேசுகிறவர்கள் அவரைக் கண்டதும் வேறு பேச்சு பேசினார்கள். ஒருநாள் ஜீவாவின் மனைவி அனுசுயா, எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"ஒரு வாட்டி சரியா பாத்திருந்தா இன்னா கொறஞ்சி பூட்ருப்ப?" என்று கேட்டாள். கத்தவில்லை. 

கொட்டகையை மூடிவிட்டு அயப்பாக்கத்தில் ஒரு வெல்டிங் கடையில் கூலிக்குச் சேர்ந்தார். ரிச்சர்ட் ஹைட்ராலிக் மிஷின் வாங்கினார். குத்தம்பாக்கத்தில் மாடி வீடு கட்டினார்.

போன மாதம் சாமியார் வந்து அந்த வீட்டை மந்திரித்த புதுமனை விழாவுக்கு செபாஸ்டியன் போனார். சகாயமேரி முழங்கால் வலி என்று வரவில்லை. பந்தியில் பக்கத்தில் இருந்த ஒருவர் பழைய தொழிலைப் பற்றிக் கேட்டார். பரிமாறிக்கொண்டு வந்த ரிச்சர்டே பதில் சொன்னார்.

"மச்சான் நல்ல வேலைக்காரரு. அன்னிக்கி ஒரு நாளு அசால்ட்டா இருந்துட்டாரு. ஒரு ஆளுக்குக் கை பூட்ச்சி. இன்னா பண்றது?"

செபாஸ்டியன் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தார். அதில் கள்ளத்தனம் இல்லை. நிஜமான பரிதாபம் இருந்தது. சொல்லிச் சொல்லி ரிச்சர்ட் அதை நம்பிவிட்டார். சோற்றில் வைத்த கையை எடுத்துக் கழுவிவிட்டு செபாஸ்டியன் வெளியே வந்தார்.

ஸ்கூட்டரை நேரே பருத்திப்பட்டுக்கு விட்டார். அங்கே ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேனாகச் சேரில் உட்கார்ந்திருந்தான் ஜீவா. செபாஸ்டியன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். 

"தெரியும்ணே," என்றான் ஜீவா. "அன்னிக்கி கையில பெயிண்ட் ஒட்டிச்சு. இன்னாண்ணே, காயவே இல்லியேன்னு ரிச்சர்ட் அண்ணனைக் கேட்டேன். சிரிச்சாரு. அப்பால ஆஸ்பத்திரிக்கு வந்து, வேல வாங்கித் தரேன், வாயத் தொறக்காதன்னாரு. இது அவரு வாங்கிக் குடுத்த வேலதான்."

"அனுசுயா என்னாண்ட வந்து கேட்டுச்சே?"

"அப்ப அதுக்குத் தெரியாது. பின்னால சொன்னேன். உன்னாண்ட மன்னிப்பு கேக்கணும்னுச்சு. நான்தான் வாணான்ட்டேன். நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்ல?"

 செபாஸ்டியன் ஸ்கூட்டர் பக்கம் திரும்பினார்.

"நீ இப்ப போயி நெசத்தச் சொன்னா ரிச்சர்ட் அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாதுண்ணே," என்றான் ஜீவா. "எனக்கு இந்தச் சேர் பூடும். சொல்லாதண்ணே."

கார் ஒன்று ஹாரன் அடித்தது. ஜீவா எழுந்து இடது கையால் கேட்டைத் தள்ளினான். அதே கையால் சலாம் வைத்தான். வழிக்காக செபாஸ்டியன் ஸ்கூட்டரை ஓரம் கட்டினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஜாஸ்லின் போன் செய்தாள்.

"இன்னாண்ணா, பாதி சாப்பாட்ல எழுந்து பூட்ட? அவரு மனசு கஷ்டப்பட்டுகினு கீறாரு."

"வயிறு சரியில்லம்மா."

பேச்சு சகாயமேரியின் காதில் விழுந்தது. அவளிடமும் அவர் எதையும் சொன்னதில்லை. வலிக்கிற காலோடு எழுந்துபோய் ஓமத்தண்ணீர் காய்ச்சி எடுத்து வந்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.