எந்த ஊர்க் கடதாசி?

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், வலையும் நைலோன் கயிறும் விற்கும் கடையொன்றின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. நானும் என் சிநேகிதியும் அங்கேயிருந்துதான் ஆசிரியர்களுக்கான ஒரு மென்பொருளை எழுதினோம். தமிழில் வினாத்தாள் தயாரிக்க உதவும் சின்ன மென்பொருள். நான் பள்ளிமுனைக்காரி, அவள் முசலிப் பக்கம். கொழும்பில் ஒன்றாகக் கணினி படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் ஊருக்கே போய் வேலை செய்வோம் என்று சொன்னவள் அவள்தான். அவள் சொன்ன துணிவில்தான் நானும் வந்தேன்.

ஒரு காலை தோட்டவெளியிலிருந்து ஒரு ரீச்சர் தொலைபேசியில் அழைத்தார். அன்று அவருடைய பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை.

"பிள்ளை, இந்த மெசின் என்னோட கோவிச்சுக்கொண்டு நிக்குது. பெட்டி நிறையக் கடதாசி வைச்சிருக்கிறன். கடதாசி இல்லை, இல்லை எண்டு லைற்றை மினுக்கி மினுக்கிக் காட்டுது. பழைய கொம்பியூட்டரில நல்லா அடிச்சனான். இந்தப் புதுசிலதான் இந்தக் கூத்து."

சிநேகிதி ஸ்கூட்டியின் திறப்பை எடுத்துவிட்டாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் கழுதைகள் தெருவை மறித்து நின்றதால் கொஞ்சம் சுணங்கித்தான் போய்ச் சேர்ந்தோம்.

ரீச்சர் பிரிண்டரின் கடதாசிப் பெட்டியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். சிநேகிதி அதைத் தொடவேயில்லை. மடிக்கணினிக்கு முன்னால் இருந்து எங்கள் மென்பொருளைத் திறந்து பார்த்தாள். கடதாசியின் அளவு 'லெட்டர்' என்று இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பாவிக்கும் அளவு அது. எங்கள் ஏ4 கடதாசியைவிட அகலம் சற்றுக் கூட, உயரம் குறைவு. மன்னாரில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. பிரிண்டர் பாவம், இந்த ஊரில் இல்லாத கடதாசியைக் கேட்டுக் காத்திருந்தது.

அவள் அளவை ஏ4 என்று மாற்றினாள். வினாத்தாள்கள் மளமளவென்று வரத் தொடங்கின. ரீச்சர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

காரணம் எளிது. புதுக் கணினி எந்த நாட்டில் இருக்கிறது என்று குறிக்கும் நாட்டு அமைப்பு, வாங்கும்போது இருந்தபடியே அமெரிக்கா என்று இருந்தது. நாங்கள் எழுதிய மென்பொருள் அதைப் பார்த்து, தானாகவே லெட்டரை எடுத்துக்கொண்டது. ரீச்சர் எந்தப் பொத்தானையும் பிழையாக அமத்தவில்லை. அந்த அமைப்பை மாற்ற அவர் எதையுமே அமத்தவில்லை என்பதுதான் விஷயம்.

திரும்பும் வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினோம்.

"தமிழில எழுதினா ஏ4 எண்டு போட்டுடுவம். ஒரு வரி வேலை" என்றேன்.

"ரொறன்ரோ ரீச்சர் என்ன செய்யிறது? அவவும் தமிழிலதான எழுதுறா" என்றாள் அவள்.

ரொறன்ரோவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழும் தமிழில் கணக்கும் படிப்பிக்கும் ஒரு பெண்மணி எங்கள் மென்பொருளைப் பாவித்துவந்தார். சொந்த ஊர் மன்னார்தான். அவர் ஒருவருக்காக இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"முசலியில இருந்து எங்கட ஆக்களைத் துரத்தின பிறகு, நான் பிறந்தது புத்தளத்தில, அகதி முகாமில. வீட்டில உம்மாவும் வாப்பாவும் முசலித் தமிழ்தான் கதைப்பினம். பள்ளிக்கூடத்தில நான் வாயைத் திறந்தா, 'நீ இந்த ஊர் இல்லையே' எண்டுவாங்க. பிறகு எல்லாரும் முசலிக்குத் திரும்பி வந்தம். இங்க வந்தா, 'நீங்க புத்தளம் ஆக்களோ' எண்டு கேக்கினம். ஒராள் கதைக்கிறதை வைச்சு அவர் எங்க இருக்கிறார் எண்டு நீ முடிவெடுக்காத."

இவ்வளவு வருடப் பழக்கத்தில் புத்தளத்தைப் பற்றி அவள் தானாக வாய் திறந்தது அன்றுதான். 

ஆனாலும் அவள் என் யோசனையைத் தூக்கி எறியவில்லை. நான் சொன்னபடியே ஒரு பரீட்சார்த்தப் பதிப்பைச் செய்து ரொறன்ரோவுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அந்த ரீச்சர் வீடியோவில் வந்து, அச்சடித்த தாளைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார்.

"பிள்ளையள், கடைசிக் கேள்வி எங்க? கீழ்ப்பக்கம் அப்படியே வெட்டுப்பட்டுப் போச்சு. எங்கட வகுப்புப் பெடியங்களுக்கு நல்ல சந்தோசம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, "சரிதானே?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு அவள் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான். மொழியை நம்ப முடியாது. நாட்டு அமைப்பையும் நம்ப முடியாது. வேறு எதை நம்புவது? ஒருநாள் முழுவதும் யன்னலோரம் நின்று யோசித்தவள் திடீரெனத் திரும்பினாள்.

"மணிக்கூடு! மணி பிழையா இருந்தா ஆரும் பொறுக்கமாட்டினம், உடன திருத்துவினம். கடதாசி பிழையா இருந்தா பிரிண்டரைத்தான் ஏசுவினம்."

எனவே மென்பொருள் முதலில் பிரிண்டரிடம், உன் பெட்டியில் என்ன கடதாசி இருக்கிறது என்று கேட்கும். பிரிண்டர் பதில் சொல்லாவிட்டால், கணினியின் மணிக்கூடு எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது என்று பார்க்கும். இரண்டிலும் தெளிவு கிடைக்காவிட்டால் மட்டும் பாவிப்பவரிடம் ஒரேயொரு தடவை கேட்கும்.

"எல்லாரிட்டையும் முதலே கேட்டுவிட்டா என்ன?" என்றேன்.

"ஒரு ரீச்சர் காலமை அவசரத்தில கேள்வி அடிக்க வாறா. அவவிட்ட நாங்க கேள்வி கேக்கிறதா?"

அந்த ஒரு கேள்விக்கும் அவள் பட்டபாடு! ஏ4, லெட்டர் என்ற சொற்கள் பாதிப் பேருக்கு விளங்காது என்று இரண்டு தாள்களைப் படமாக வரைந்தாள். ஒன்றின் கீழே 'இலங்கை, இந்தியாவில் கிடைக்கும் கடதாசி', மற்றதன் கீழே 'கனடா, அமெரிக்காவில் கிடைக்கும் கடதாசி' என்று எழுதினாள். வேறு விளக்கம் எதுவும் இல்லை.

பிறகு ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சோதித்தோம். தலைமன்னாரில் ஒரு கணினி தான் சென்னையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டு இடத்திலும் மணி ஒன்று, கடதாசியும் ஒன்று என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். சிலாவத்துறையில் படிப்பிக்கும் ஒரு சேர் தன் பிரிண்டரை வெயிலில் காயவைத்திருந்தார். ஈரம் பட்டதால்தான் அடிக்கவில்லை என்று நினைத்தாராம். சிநேகிதி முகத்தில் சிரிப்பே காட்டாமல் அதைத் தூக்கி உள்ளே வைத்து, புதிய பதிப்பைப் போட்டு, அடித்துக் காட்டினாள். "வெயில் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார் அவர். "ஓம் சேர்" என்றாள் அவள்.

இப்படிப்பட்டவளோடு வேலை செய்கிறேனே என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. கணினியில் இதையெல்லாம் மாற்றும் அமைப்புப் பக்கம் ஒன்று இருப்பதே தெரியாதவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவளுக்கு அவர்கள்தான் முதல் ஆட்கள்.

அந்த வருடம் மடு மாதா திருவிழாவுக்கு ரொறன்ரோ ரீச்சர் ஊருக்கு வந்தார். திருவிழா முடிந்ததும் எங்களைப் பார்க்க மாடியேறி வந்தார். ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் நடக்கவிருந்த ஒரு சோதனைக்கு வினாத்தாள் செய்திருந்தார். தன் மடிக்கணினியை எங்கள் பிரிண்டரோடு இணைத்து, "எப்பிடி வருது எண்டு ஒருக்கா அடிச்சுப் பாப்பம்" என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு காலமும் லெட்டரில் அடித்துவந்த கணினி அது. சிநேகிதி பிரிண்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

தாள் வந்தது. ஏ4. மென்பொருள் எங்கள் பிரிண்டரிடமே கேட்டுவிட்டது. ஓரங்கள் ஒழுங்கு, கடைசிக் கேள்வி அதன் இடத்தில். ரீச்சர் ஒருதரம் கண்ணோட்டம் விட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கடதாசியின் நீள அகலம் மாறியதை அவர் கவனிக்கவேயில்லை. சிநேகிதியின் முகம் பெருநாள் காலைபோல மலர்ந்திருந்தது.

"எல்லாம் வடிவா இருக்கு பிள்ளையள்" என்றார் ரீச்சர், கதிரையில் சாய்ந்துகொண்டு. "ஆனா பின்னம் எழுதேக்க மேல இருக்கிற இலக்கம் ஒரு பக்கமாச் சரியுது. அதை ஒருக்காப் பாருங்கோவன்."

"இப்பவே பாக்கிறன் ரீச்சர்" என்று தன் மேசையில் போய் அமர்ந்தாள் அவள். நான் தேநீர் வாங்கக் கீழே இறங்கினேன்.