ஸ்ரீராம்புரம் வேன் ஏன் காலியாக வந்தது?

போன திங்கட்கிழமை காலையில் விழுந்த அடியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் குறையுமா என்று பார்க்கிறேன்.

உங்களுக்குத்தான் தெரியுமே... சாஃப்ட்வேர் வேலைக்காகப் பெங்களூர் வந்தவன் நான். சனிக்கிழமைகளில் நண்பர் முரளியின் கம்பெனிக்கும் புரோகிராம் எழுதித் தருவேன். பெரிய ஆபீஸ்களுக்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் கம்பெனி அது. தினமும் காலையில் ஏரியாவுக்கு ஒரு வேன் போய் ஆட்களை ஏற்றி வரும்.

அந்தச் சனிக்கிழமை முரளி சொன்னார்: "ஸ்ரீராம்புரத்துலயும் ஆஸ்டின் டவுன்லயும் மூணு மாசமா வராதவங்க பேரெல்லாம் இன்னும் லிஸ்ட்ல இருக்கு குரு. எடுத்துக் குடு, வேலை இல்லைன்னு லெட்டர் அனுப்பிடலாம்."

இதில் என்ன கஷ்டம்? அவர் சொன்னதை அப்படியே டேட்டாபேஸில் தட்டினேன் — ஏரியா ஸ்ரீராம்புரம் ‘ஆர்’ (அல்லது) ஆஸ்டின் டவுன் ‘அண்ட்’ (மற்றும்) மூன்று மாதமாக வரவில்லை. இரண்டே விநாடி. லிஸ்ட் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.

"பாரு, எவ்ளோ பேர் டபாய்ச்சிருக்காங்க!" என்று முரளி கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். சாயங்காலத்துக்குள் கூரியரில் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை ஸ்ரீராம்புரம் வேன் காலியாக வந்தது.

ஒருத்தர்கூட இல்லை! முரளி போனில் அலறினார். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எல்லம்மா என்று பெயர், நாற்பது வயது இருக்கும். பஸ் பிடித்து வந்திருக்கிறார். எதற்கு? யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்க. துவைத்து, இஸ்திரி போட்டு, மேலே அடையாள அட்டையை வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

அட்டெண்டன்ஸைப் பார்த்தோம். மூன்று மாதத்தில் அவர் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கணக்கில் கூட்டலுக்கு முன்னால் பெருக்கலைச் செய்வோம் இல்லையா? அதேபோல டேட்டாபேஸ் ‘அண்ட்’டை முதலில் பார்க்கும், ‘ஆர்’ அப்புறம்தான். ‘மூன்று மாதமாக வரவில்லை’ என்ற நிபந்தனை ஆஸ்டின் டவுனோடு மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஸ்ரீராம்புரத்தில் வந்தவர், வராதவர் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. தினமும் வந்தவர்கள் மட்டும் இருபத்தாறு பேர்! இரண்டு ஏரியாவையும் ஒரு ஜோடி அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் போதும். முதல் வாரத்துப் பாடம். எனக்கோ ஆறு வருஷ அனுபவம்... வெட்கக்கேடு.

எல்லோரையும் கூட்டிவர முரளி வேனைத் திருப்பி அனுப்பினார். நான் எல்லம்மாவிடம் போனேன்.

"தப்பு என்னுதும்மா. உங்க வேலை எங்கயும் போகல."

"நெசமாவா சார்?" என்றவர், முரளி தலையாட்டிய பிறகுதான் நம்பினார்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தினம் வேலைக்கு வர்றவங்க நீங்க. லெட்டரைப் பார்த்ததும் வந்து சத்தம் போட்டிருக்க வேணாமா?"

"மெடிக்கல் ஷாப்புல படிச்சு சொன்னாங்க சார், கம்ப்யூட்டர்ல பார்த்து அனுப்பினதுன்னு. அது தப்பு பண்ணுமா? போன வருசம் மாமியார் செத்தப்போ நாலு நாளு வரல நானு. அதத்தான் புடிச்சிருக்கும்னு நெனச்சேன். பக்கத்து ஊட்டு ராணி ஒரு வாட்டி மாடிப்படியில குந்தி டீ குடிச்சாளாம்... அதனாலதான்னு ஒரே அழுவ."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இருபத்தாறு வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, தாங்கள் செய்த தப்பு எது என்று தேடியிருக்கிறார்கள். தப்பைச் செய்த நான் அன்றைக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினேன்.